விதவையின் காசும் மியூவானும்

சனிக்கிழமை சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனபோது, எட்டாம் வகுப்புப் படிக்கும் அவள் மகள் கூடத்துத் தரையில் சார்ட் பேப்பரை விரித்து, நான்கு மூலைக்கும் நான்கு டம்ளரை வைத்து அமுக்கி, குப்புறப் படுத்திருந்தாள். மறுநாள் சண்டே ஸ்கூலில் 'வேதாகமத்து எடைகளும் அளவுகளும்' என்று ஒரு சார்ட் ஒட்ட வேண்டுமாம். தலைப்பை மட்டும் மூன்று நிற ஸ்கெட்சில் எழுதி முடித்திருந்தாள்.

"மாமா, ஒரு தாலந்துன்னா எத்தன கிலோ?"

"கையில போன் வச்சிருக்கியே மக்களே, அது சொல்லாதா?"

"சொல்லுது. ஆனா கிரேக்கத் தாலந்து 20.4 கிலோங்குது, எபிரேயத் தாலந்து 34.2ங்குது. எத எழுத?"

வாங்கிப் பார்த்தேன். அலகு மாற்றும் செயலி. நிறை என்ற தலைப்பைத் தொட்டால் நீளமாக ஒரு பட்டியல் இறங்குகிறது. கிலோ, பவுண்டு, டன் எல்லாம் கடந்து தாலந்து, மினா, டெட்ராதிராக்மா, திராக்மா, திநாரியம், லெப்டான். அதற்குக் கீழே இடைவெளிகூட இல்லாமல் எலெக்ட்ரான் நிறை, மியூவான் நிறை, புரோட்டான் நிறை. அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"மாமா, இந்த மியூவான் பைபிள்ல எங்க வருது?"

சிரித்துவிட்டேன். மியூவான் என்பது அணுவைவிடச் சின்ன ஒரு துகள். ஆனால் விரல் சும்மா இருக்கவில்லை. ஒரு திராக்மாவுக்கு எத்தனை மியூவான் என்று கேட்டேன். கண்ணிமைக்கும் முன் பதில் வந்தது: 1.805 என்று தொடங்கி மேலும் ஏழெட்டு இலக்கம், பெருக்கல் 10²⁵. இருபது வருடத்துக்கு மேலாகக் கல்லூரி ஆய்வகத்தில் பிள்ளைகளுக்குத் தராசு பிடிக்கச் சொல்லிக்கொடுக்கிறவன் நான். பதிலில் இத்தனை இலக்கம் யார் கொடுத்தது என்று ரெக்கார்டு நோட்டில் சிவப்பு மையால் கேட்டே பழக்கப்பட்டவன். அன்று ராத்திரி அக்கா வீட்டிலேயே சாப்பாடு ஆகிவிட்டது.

முதலில் கண்ணை உறுத்தியது லெப்டான். நேரே போட்டிருந்த நிறை 0.03007812 கிராம். பழங்காலத்துச் செம்புக்காசு ஒன்றுக்கு எட்டுத் தசம இலக்கமா? இப்படி ஒரு எண் எங்கிருந்தாவது வகுத்து வந்திருக்க வேண்டும். 128ஆல் பெருக்கினேன், 3.85 வந்தது. பட்டியலில் திநாரியத்தின் நிறையும் 3.85 கிராம்தான். குட்டு உடைந்தது. ஒரு திநாரியத்துக்கு 16 அசாரியன், ஒரு அசாரியனுக்கு 4 குவாட்ரன்ஸ், ஒரு குவாட்ரன்ஸுக்கு 2 லெப்டான். பதினாறு நாலு அறுபத்து நாலு, இரண்டால் பெருக்கினால் 128.

இது எடை வாய்ப்பாடே இல்லை, பண வாய்ப்பாடு. திநாரியம் வெள்ளி, லெப்டான் வெண்கலம். 500 ரூபாய்த் தாள் ஒரு கிராம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, அப்படியானால் ஒரு ரூபாய்க் காசு 2 மில்லிகிராம் என்று கணக்குப் போடுவதும் இதுவும் ஒன்று. ஏழை விதவை காணிக்கைப் பெட்டியில் போட்டது என்று பலரும் சுட்டும் யூதேயாவின் குட்டி வெண்கலக் காசுகள், யூத அரசன் அலெக்சாண்டர் யன்னேயு காலத்தில் (கி.மு. 103–76) அடித்தவை, ஒரு கிராமுக்கு முன்பின் இருக்கும். செயலி சொல்வதைப்போல முப்பது மடங்கு.

"முப்பது மில்லிகிராம்னா எவ்வளவு இருக்கும் மாமா?"

என் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். பைக்கில் போய் எடைப்பெட்டியை எடுத்து வந்தேன். பழைய இரும்புக் கடையில் எப்போதோ வாங்கியது. மூடியைத் திறந்தால் வெல்வெட் குழிகளில் பித்தளை எடைகள் அளவுவாரியாக நிற்கும். ஓரத்தில் கண்ணாடித் துண்டுக்கு அடியில் மில்லிகிராம் எடைகள், அலுமினியத் தகடுகள், இடுக்கியால் பிடிப்பதற்கென்று ஒரு மூலை மட்டும் மடக்கியிருக்கும். 20 மில்லிகிராமையும் 10 மில்லிகிராமையும் இடுக்கியால் எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். மீன் செதிலைவிடச் சின்னது.

"வச்சாச்சா?"

"வச்சாச்சு."

"ஒண்ணுமே தெரியல."

அதைத்தான் சொல்கிறேன். அந்த விதவை இந்தச் செதிலைப் போட்டிருந்தால் பெட்டிக்குள் விழுந்த சத்தம் கேட்டிருக்காது, எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த இயேசுவின் கண்ணிலும் பட்டிருக்காது.

அவளுக்கு வேண்டியது தாலந்து. எனக்கு லெப்டானை விட மனசில்லை. ஏனென்றால் அந்தப் பட்டியலில் பழைய கிரேக்கமும் அணுவுக்குள் இருப்பதும் உண்மையிலேயே கைகோத்துக்கொள்ளும் இடம் அது ஒன்றுதான். எலெக்ட்ரானும் மியூவானும் லெப்டான் என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை என்று பன்னிரண்டாம் வகுப்புக்கு மேலே அறிவியல் படித்தவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். 1948இல் லியோன் ரோசன்ஃபெல்ட் இந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார், யோசனை கிறிஸ்டியன் மோல்லருடையது. கிரேக்கத்தில் லெப்டோஸ் என்றால் மெலிந்தது, நுணுக்கமானது. இன்னும் அடியில் போனால் உமி நீக்கியது, தோல் உரித்தது. காசுக்கும் அதே பெயர், துகளுக்கும் அதே பெயர். இன்றைக்கும் ஏதென்ஸில் யூரோவின் நூறில் ஒரு பங்கை லெப்டோ என்றுதான் சொல்கிறார்கள். கடிகாரத்தின் நிமிடத்துக்கும் அதே சொல்.

மற்ற துகள்களுக்கும் பெயர் வைத்தவர்கள் கிரேக்கத் தராசுக் கடையிலேயே போய் நின்றிருக்கிறார்கள். பாரிஸ் என்றால் கனமானது, அதிலிருந்து பாரியான். மெசோஸ் என்றால் நடுத்தரம், அதிலிருந்து மீசான். ஹாட்ரோஸ் என்றால் பருத்தது, தடித்தது. மெலிந்த லெப்டோஸுக்கு எதிர்ச்சொல்லாக லெவ் ஒகுன் 1962இல் எடுத்துக் கொடுத்தார், ஹாட்ரான் வந்தது. எல்லாம் எடை பார்த்து வைத்த பெயர்கள். லெப்டான் என்ற பெயர் 1975 வரை பொருந்தியும் வந்தது. அந்த வருடம் ஸ்டான்ஃபோர்டில் மார்ட்டின் பெர்லின் குழு டாவ் என்ற புதிய லெப்டானைக் கண்டுபிடித்தது. குணமெல்லாம் எலெக்ட்ரானைப்போல. நிறையோ புரோட்டானைப்போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஒல்லியப்பன் என்று பெயர் வைத்த பிள்ளை ஊரிலேயே பெரிய ஆளாக வளர்ந்து நின்றான். பெயரை யாரும் மாற்றவில்லை.

"மாமா, தாலந்து."

சரி, தாலந்து. நம் தமிழ் வேதாகமத்தில் இந்த எடைப் பெயர்கள் பட்டபாடே தனிக்கதை. தாலந்து அப்படியே வந்துவிட்டது. திராக்மா வெள்ளிக்காசு ஆயிற்று. திநாரியம் பணம் ஆயிற்று. லெப்டான் காசு ஆயிற்று. லூக்காவில் வரும் மினாவை ராத்தல் என்று போட்டிருக்கிறார்கள். அது மோசமில்லை, மினா 430 கிராம் சொச்சம், ராத்தல் 454. செயலி வருவதற்கு முன்பே அலகு மாற்றிக் கொடுத்துவிட்ட மொழிபெயர்ப்பாளர்களை நினைத்தால் மரியாதையாகத்தான் இருக்கிறது. அத்தான் துபாயிலிருந்து அனுப்பும் திர்ஹமும் பிறப்பில் திராக்மாதான். நம் கல்வெட்டுகளில் வரும் திரமம் என்ற நாணயமும் அதன் சொந்தக்காரன்.

ஏதென்ஸ் வாய்ப்பாடு எளிது. 1 தாலந்து 60 மினா. 1 மினா 100 திராக்மா. 1 திராக்மா 6 ஓபோல். 1 ஓபோல் 8 கால்கோஸ். திராக்மா என்ற சொல்லுக்கே கைப்பிடி என்றுதான் பொருள். ஓபோல் என்பது இறைச்சி சுடும் இரும்புக் கம்பி. நாணயம் வருவதற்கு முன் கம்பிதான் பணமாகச் செலாவணியானது, ஒரு கைப்பிடிக்குள் ஆறு கம்பி அடங்கும் என்று புளூட்டார்க் எழுதுகிறார். ஆர்கோஸ் அருகே ஹீரா கோயிலில் காணிக்கையாக வைத்திருந்த அப்படிப்பட்ட இரும்புக் கம்பிக் கட்டைத் தோண்டி எடுத்து, ஏதென்ஸில் நாணய அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.

வாய்ப்பாடு வரைக்கும் சிக்கல் இல்லை. கிராமுக்கு வரும்போதுதான் கால் வழுக்குகிறது. ஏதென்ஸின் நல்ல காலத்து வெள்ளித் திராக்மா சுமார் 4.3 கிராம். ஆந்தை முத்திரை போட்ட நான்கு திராக்மா நாணயம் சுமார் 17.2. செயலியோ திராக்மாவுக்கு 3.4 என்கிறது. அதுவும் பொய்யில்லை. நீரோ காலத்தில் திநாரியத்தை ரோம ராத்தலில் 96இல் ஒரு பங்காகக் குறைத்தார்கள், அது 3.4 கிராம். கிழக்கே திராக்மாவும் திநாரியமும் ஒன்று என்று பேச்சுவழக்கு ஆகிவிட்டதால் அந்த எடை திராக்மாவின் தலையிலும் ஏறிக்கொண்டது. தாலந்து 20.4 கிலோ என்று அவளுக்குக் காட்டியது இந்த இளைத்த திராக்மாவை 6000ஆல் பெருக்கித்தான். ஏதென்ஸ் கணக்கில் அதே தாலந்து 26 கிலோவை ஒட்டி வரும். இரண்டுக்கும் நடுவே கால்வாசிக்கு மேல் வித்தியாசம். ஏகினாத் தீவின் திராக்மாவை எடுத்தால் ஆறு கிராம்.

ஒரே ஊருக்குள்ளேயே எடைக்கல் ஒன்றுபோல இருக்கவில்லை. ஏதென்ஸின் சந்தைத் திடலான அகோராவில் தோண்டியபோது மூன்று வெண்கல எடைக்கற்கள் கிடைத்தன. சுமார் கி.மு. 500. பெரியதில் ஆட்டின் கணுக்கால் எலும்பு, மற்றவற்றில் கேடயம், ஆமை என்று உருவம் பொறித்து, 'ஏதென்ஸ் மக்களின் பொதுச்சொத்து' என்று எழுதியிருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவனும் ஆமையைப் பார்த்து எடையைச் சொல்லிவிடலாம். எலும்பு பொறித்தது ஸ்டாடர், அதாவது இரண்டு மினா. நிறுத்தால் 800 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. அப்படியானால் மினா 400கூட இல்லை. நாணயக் கணக்கு மினாவோ 430.

எனக்கு மிகப் பிடித்தது கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏதென்ஸ் போட்ட ஒரு தீர்மானம், கல்லில் வெட்டியிருக்கிறது. இனிமேல் வணிக மினா 138 திராக்மா எடை இருக்க வேண்டும், அதன்மேல் 12 திராக்மா கூடுதலாகப் போட வேண்டும் என்கிறது. 138ம் 12ம் 150. அந்தப் பன்னிரண்டு வேறொன்றுமில்லை, கொசுறு! நம் ஊரில் கத்தரிக்காய்க்கு மேலே ரெண்டு கறிவேப்பிலைக் கொத்தைத் தூக்கிப் போடுவதை அவர்கள் சட்டமாகவே எழுதி, எடைக்கல்லின் நகல்களை அகோராவின் வட்டக் கட்டடமான தோலோஸ், பிரேயுஸ் துறைமுகம், எலியூசிஸ் ஆகிய மூன்று இடங்களில் அரசு அடிமைகளின் பொறுப்பில் வைத்தார்கள். கொசுறு கேட்டு வாங்குவதைக் கேவலம் என்று நினைக்கும் என் சகலைக்கு இந்தக் கல்வெட்டை ஒருநாள் காட்ட வேண்டும்.

இனி தராசின் மறுதட்டு. புரோட்டானை எப்படி நிறுக்கிறார்கள்? அதையும் தராசு என்று சொல்வதில் தப்பில்லை. பெனிங் பொறி என்று ஒரு கருவி. வெற்றிடத்தில், வலுவான காந்தப்புலத்துக்குள் ஒற்றைப் புரோட்டானை அடைத்து வைத்தால் அது சுற்றிக்கொண்டே இருக்கும். புலம் 1 டெஸ்லா என்றால் வினாடிக்கு ஒன்றரைக் கோடிச் சுற்று. கனம் கூடினால் சுற்று மந்தமாகும். அதே இடத்தில் எலெக்ட்ரான் அத்தனையும் உரித்த கார்பன் அணுக்கரு ஒன்றைச் சுற்றவிட்டு இரண்டையும் ஒப்பிட வேண்டும். ஒரு தட்டில் கார்பன், மறுதட்டில் புரோட்டான். 2017இல் ஹைடல்பர்க் மாக்ஸ் பிளாங்க் நிறுவனமும் ஜப்பானின் ரைக்கன் நிறுவனமும் சேர்ந்து இப்படி நிறுத்தபோது, பிழை பத்தாயிரம் கோடியில் 3 பங்குக்குள் அடங்கியது. அதுவரை நம்பியிருந்ததைவிடப் புரோட்டான் ஒரு நூல் இளைத்திருந்தது. கார்பன் அணுவின் பன்னிரண்டில் ஒரு பங்கை 1 என்று வைத்தால் புரோட்டான் 1.007276466, அதற்குப் பிறகும் இலக்கம் உண்டு.

ஒருபக்கம் பத்துப் பதினோரு இலக்கம் சுத்தமாகத் தெரிந்த புரோட்டான். மறுபக்கம் இரண்டாவது இலக்கத்திலேயே தடுமாறும் திராக்மா. 4.3ஐ எடுத்தால் ஒரு திராக்மா 2.6 × 10²⁴ புரோட்டான். 3.4ஐ எடுத்தால் 2.0 × 10²⁴. அதற்கு மேல் செயலி எழுதும் ஒவ்வொரு இலக்கமும் சும்மா அலங்காரம். மாணவர்களிடம் நான் எப்போதும் சொல்வதுதான்: வெர்னியரில் அளந்த நீளத்தையும் முழம் போட்டு அளந்த அகலத்தையும் பெருக்கினால் பரப்பு முழம் கணக்குத்தான்.

கிரேக்கர்களை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போகவும் முடியாது. 2019 மே 20 வரை நம்முடைய கிலோவும் ஒரு எடைக்கல்தான். பாரிஸ் பக்கத்தில் செவ்ரில் கண்ணாடிக் குடுவைக்குள் பிளாட்டினம்–இரிடியம் உருளை ஒன்று, 1889 முதல். நூறு வருடத்தில் அதற்கும் அதன் உடன்பிறப்பு நகல்களுக்கும் நடுவே 50 மைக்ரோகிராம் அளவில் விலகல் வந்துவிட்டது. அதனால் நடந்த கூத்தைப் பாருங்கள். 2017க்கு முந்தைய கணக்கில், கார்பனோடு ஒப்பிட்டுச் சொன்னால் புரோட்டானின் பிழை பத்தாயிரம் கோடியில் 9 பங்குதான். அதே புரோட்டானைக் கிலோவில் சொன்ன உடனே பிழை நூறு கோடியில் 12 பங்காக, அதாவது நூறு மடங்குக்கு மேல் பெருத்துவிட்டது. புரோட்டான் மேல் குற்றமில்லை, நம் எடைக்கல்லின் அழுக்கு அது. அதற்குப் பிறகுதான் குவாண்டம் இயற்பியலின் அடிப்படை எண்ணான பிளாங்க் மாறிலிக்கு ஒரு மதிப்பை நிரந்தரமாக நிர்ணயித்து, அதிலிருந்து கிலோவை எடுக்கத் தொடங்கினார்கள். அகோராவின் கணுக்கால் எலும்புக்கும் செவ்ர் உருளைக்கும் அழுக்கின் அளவில்தான் வித்தியாசம்.

இத்தனை பெரிய எண்ணைக் கண்டு அந்தக் காலத்துக் கிரேக்கர் மிரண்டிருப்பாரா என்றால், ஒருவர் மிரண்டிருக்க மாட்டார். பிரபஞ்சம் முழுக்க மணலை நிரப்பினால் எத்தனை மணல் என்று சிராக்யூஸின் அரசன் கெலோனுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார் ஆர்க்கிமிடீஸ். விடை 10⁶³க்குள் அடங்கியது. பத்துக்கோடிக்கு ஒரு வரிசை என்று எண்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டே போனார். அதில் நான்காம் வரிசை தொடங்குவது 10²⁴இல். ஒரு திராக்மாவுக்கு எத்தனை புரோட்டான் என்று கேட்டிருந்தால், 'நான்காம் வரிசையில் இரண்டரை' என்று சொல்லிவிட்டு மணலுக்குத் திரும்பியிருப்பார்.

எல்லாம் அணுக்களால் ஆனது என்று சொன்ன அப்தெராக்காரர் டெமாக்ரிட்டஸ் வழி இன்னும் சுலபம். வெட்டிக்கொண்டே போ, வெட்ட முடியாத இடத்தில் நில். ஒரு வெள்ளித் திராக்மாவைப் பாதியாக வெட்டி, பாதியை மறுபடி பாதியாக வெட்டினால் 74ஆவது வெட்டில் கையில் கிட்டத்தட்ட ஒரே ஒரு வெள்ளி அணு இருக்கும். அடுத்த வெட்டில் அது வெள்ளியாக இருக்காது. டெமாக்ரிட்டஸ் நின்றிருக்க வேண்டிய இடம் அதுதான். நிற்காமல் போனால் 81ஆவது வெட்டில் ஒரு புரோட்டானின் நிறை, 92இல் ஒரு எலெக்ட்ரான். அக்கா மகளுக்கு நான் சொன்னதிலேயே இதுதான் பிடித்தது. சார்ட் பேப்பரின் ஓரத்தில் கிழித்த துண்டைப் பாதி பாதியாகக் கிழித்துப் பார்த்தாள். பத்தாவது கிழிசலுக்குமேல் நகம் பிடிக்கவில்லை.

"ஏதென்ஸ்லயும் காச வெட்டுனாங்களா?"

வெட்டினார்கள். கி.மு. 375 வாக்கில் நிக்கோஃபோன் என்பவர் கொண்டுவந்த சட்டம் ஒன்று கல்வெட்டில் கிடைத்திருக்கிறது. அகோராவில் வட்டிக்கடை மேசைகளுக்கு நடுவே நாணயம் பார்க்கும் அரசு அடிமை ஒருவர் உட்கார்ந்திருப்பார். உள்ளே செம்போ ஈயமோ வைத்து வெள்ளி பூசிய காசு வந்தால் அங்கேயே குறுக்கே வெட்டி, தெய்வத்தாயின் கோயிலில் சேர்த்துவிட வேண்டும். அவர் நல்லது என்று சொன்ன காசை எந்த வியாபாரியாவது வாங்க மறுத்தால் அன்று விற்க வைத்திருந்த சரக்கு பறிமுதல்.

நல்ல திராக்மாவையே குறுக்கே வெட்டி உள்ளே எண்ணிப் பார்த்தால் என்ன இருக்கும்? அன்று ராத்திரி சாப்பிட்ட கையோடு இந்தக் கணக்கைத்தான் போட்டேன். 4.3 கிராம் சுத்த வெள்ளியில் 2.4 × 10²² அணு. ஒவ்வொன்றிலும் 47 எலெக்ட்ரான், 47 புரோட்டான், சராசரி 61 நியூட்ரான். எல்லா எலெக்ட்ரானையும் ஒன்றாகக் குவித்தால் மொத்தமே 1 மில்லிகிராம். காசின் பளபளப்பு, தரையில் விழுந்தால் வரும் கணீர் ஓசை, கடித்துப் பார்த்தால் பல்லில் தெரியும் உறுதி, எல்லாம் அந்த ஒரு மில்லிகிராமின் வேலை.

புரோட்டான் மொத்தம் 1.89 கிராம், நியூட்ரான் மொத்தம் 2.45 கிராம். எலெக்ட்ரானின் ஒரு மில்லிகிராமையும் சேர்த்துக் கூட்டினால் 4.34 வருகிறது. காசோ 4.30. தப்பாகக் கூட்டிவிட்டேனோ என்று மறுபடி கூட்டுகிறவர்கள் கூட்டலாம், தப்பில்லை. தனித்தனியாக நிறுத்தால் இருக்கிற எடை, ஒன்றாகச் சேர்ந்த பின் 39 மில்லிகிராம் குறைகிறது. அணுக்கருவுக்குள் புரோட்டானும் நியூட்ரானும் இறுகிக் கட்டிக்கொண்டபோது ஆற்றலாக வெளியே போன பங்கு அது. நட்சத்திரங்களில் அந்த வெள்ளி உண்டான காலத்திலேயே போய்விட்டது. ஏதென்ஸ் சந்தையில் மினாவின்மேல் கொசுறு ஏற்றினார்கள். இங்கே திராக்மாவிலிருந்து கொசுறு இறங்கிவிட்டது. அதுவும் எவ்வளவு? செயலி சொன்ன அந்த முப்பது மில்லிகிராம் லெப்டானைவிட அதிகம்.

இத்தனை கணக்குக்கும் 4.3 என்ற எண்ணை நம்பியிருக்க வேண்டியதாயிருக்கிறதே என்ற எரிச்சல் போகவில்லை. பிறகு தோன்றியது, கிராமையே தூக்கி எறிந்தால் என்ன? கிரேக்கர்களின் கிராம் கணக்கு தள்ளாடலாம், வாய்ப்பாடு தள்ளாடாது. ஒரு திராக்மாவுக்கு ஆறு ஓபோல் என்பது எந்த ஊரிலும் ஆறுதான். ஆகவே புரோட்டானை ஒரு மினா என்று வைத்துக்கொள்வோம். ஒரு மினா 4800 கால்கோஸ். இப்போது மற்றவர்களைத் தட்டில் ஏற்றலாம். எலெக்ட்ரான் 2.61 கால்கோஸ். மியூவான் 11 திராக்மாவும் ஒன்றரை ஓபோலும். ஒல்லியப்பன் டாவ், இரண்டு மினாவுக்குப் பத்துப் பதினொரு திராக்மா குறைவு.

நியூட்ரானைப் பார்க்கும்போதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒரு மினாவும் 6.62 கால்கோஸும். ஓபோல்கூட முழுசாக இல்லை, புரோட்டானைவிட அவ்வளவுதான் கூடுதல். தனியே விட்டால் நியூட்ரான் நிலைக்காது, சராசரியாக 880 வினாடி, கால்மணி நேரத்துக்குள் புரோட்டானாகவும் எலெக்ட்ரானாகவும் சிதைந்துவிடும், கூடவே எதிர்நியூட்ரினோ என்ற நுண்துகள் ஒன்றும் வெளியேறும். கணக்கைப் பாருங்கள். கூடுதலாக இருந்தது 6.62. எலெக்ட்ரானைச் செய்ய ஆன செலவு 2.61. மீதி சரியாக 4 கால்கோஸ். அரை ஓபோல்! இரண்டாவது தசமம் வரை 4.00தான் வருகிறது. தற்செயல்தான், இதில் சூட்சுமம் எதுவும் கிடையாது என்று எனக்கே நான் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த அரை ஓபோல்தான் வெளியே பறக்கும் துகள்களின் வேகமாகிறது.

ஓபோல் என்பது ஏதென்ஸில் அற்பக்காசு. முக்கால் கிராம்கூட இல்லாத வெள்ளிப் பொட்டு. சட்டையில் பை கிடையாது, தொலைந்துவிடும் என்று வாயில் அடக்கிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போவார்கள், அரிஸ்டோபேனிஸ் நாடகங்களில் இதை வைத்துக் கேலி வரும். நீதிமன்றத்தில் நடுவராக உட்கார்ந்தால் ஒருநாள் படி மூன்று ஓபோல். அதில் ஆறில் ஒரு பங்கு இந்த அரை ஓபோல். ஆனால் மினாத் தராசில் இந்த அரை ஓபோல் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தால், அதாவது புரோட்டானும் எலெக்ட்ரானும் சேர்ந்து நியூட்ரானைவிடக் கனமாக இருந்திருந்தால், ஹைட்ரஜன் அணுவில் எலெக்ட்ரானைப் புரோட்டான் விழுங்கி நியூட்ரானாகியிருக்கும். ஹைட்ரஜன் நிலைக்காது. ஹைட்ரஜன் இல்லாமல் தண்ணீர் ஏது?

இதை அக்கா மகளுக்குச் சொல்லவில்லை. மணி ஒன்பதரை ஆகிவிட்டது. சார்ட்டில் தாலந்துக்கு நேரே இன்னும் காலியாக இருந்தது.

"கிலோ வேண்டாம் மக்களே. ஒரு தாலந்து, 6000 நாள் கூலின்னு எழுது. ஒரு நாள் கூலி ஒரு பணம்னு மத்தேயுவுலயே இருக்கு."

விரல்விட்டு வகுத்துப் பார்த்தாள். "பதினாறு வருசம் மாமா! மத்தேயுவுல அந்த வேலக்காரன் போயி மண்ணுல பொதச்சு வச்சானே, அது பதினாறு வருசச் சம்பளமா?"

அந்த ஆச்சரியத்தில் பெருமூச்சு விட்டாளா, இல்லை மேலே ஓடிக்கொண்டிருந்த ஃபேன் காற்றா, தெரியவில்லை. கண்ணாடித் துண்டு திறந்தே கிடந்திருக்கிறது. 20 மில்லிகிராம் குழியில் கிடந்தது. 10 மில்லிகிராமைக் காணோம்.

ஃபேனை நிறுத்தினோம். அவள் போனில் டார்ச் அடித்துக்கொண்டு மொசைக் தரையில் மண்டியிட்டாள். மொசைக் சில்லுகளில் பாதி அலுமினியம் மாதிரியே மின்னின. நான் சோபாவை நகர்த்தினேன். சத்தம் கேட்டு அக்கா அடுக்களையிலிருந்து வந்தாள்.

"எலேய், என்னத்த தொலச்ச?"

"பத்து மில்லிகிராம்."

அக்கா என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் விளக்குமாறை எடுத்து வந்து மூலையிலிருந்து கூட்ட ஆரம்பித்தாள். கட்டிலுக்கு அடியிலிருந்து அவள் மகளின் குரல் வந்தது:

"மாமா, வெளக்கக் கொளுத்தி, வீட்டப் பெருக்கி... லூக்கா பதினஞ்சு!"

குப்பை வாசற்படிப் பக்கம் சேர்ந்தது. முடிச் சுருள், பென்சில் சீவல், ஒரு வெங்காயத் தோல், அவள் பாதி பாதியாகக் கிழித்துப் போட்ட காகிதப் பொடி, நடுவே மினுமினுவென்று என்னென்னவோ. நான் இடுக்கியோடு பக்கத்தில் குந்தினேன்.